சர்வருக்கு ஓய்வுநாள் உண்டா?

யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குச் சற்று முன்பே தொடங்கி, சனிக்கிழமை இரவு வானில் மூன்று நட்சத்திரங்கள் தெரியும்வரை நீடிக்கிறது. ஏறத்தாழ 25 மணி நேரம். அதற்குள் நெருப்பு மூட்டுவதில்லை, எழுதுவதில்லை, வாங்குவதில்லை, விற்பதில்லை. நெறியை முழுதாகப் பின்பற்றுகிறவர்கள் மின்விளக்கின் சுவிட்சைக்கூடத் தொடுவதில்லை. தையற்காரர் ஊசியைக் கீழே வைத்தால் தையல் நின்றுவிடும். தனியாகத் தொழில் நடத்தும் ஃப்ரீலான்ஸ் வெப் டெவலப்பருக்கு அந்த வசதி இல்லை. அவர் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்த பிறகும் அவர் கட்டிய தளம் ஆர்டர் எடுக்கிறது, ரசீது அனுப்புகிறது, நள்ளிரவில் தானாகவே பேக்கப் எடுத்துக்கொள்கிறது. அப்போது அவர் ஓய்வில் இருக்கிறாரா, வேலையில் இருக்கிறாரா? ஜெருசலேமிலும் புரூக்ளினிலும் வாழும் நெறி தவறாத டெவலப்பருக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் விடை தெரிந்தாக வேண்டிய கேள்வி.

வேலை செய்யாதே என்று கட்டளையிடும் யூத வேதமான தோரா, வேலை என்றால் என்ன என்று விரித்துச் சொல்வதில்லை. அந்தக் குறையைக் கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டநூல் நிரப்பியது. உழுதல், விதைத்தல், அரைத்தல், நெய்தல், கட்டுதல், இடித்தல் என்று 39 வகைகளை அது பட்டியலிடுகிறது. இரண்டு எழுத்துகளை எழுதுவதும் அவற்றுள் ஒன்று. நிரல் எழுதுவது இதில் அடங்குமா என்பது பார்வைக்குத் தோன்றுமளவு எளிதல்ல. பழரசத்தாலோ தெருப்புழுதியிலோ எழுதினால், அது நிலைக்காத எழுத்து என்பதால், குற்றம் முழுமையாகாது என்கிறது அதே மிஷ்னா. திரையில் ஒளிரும் எழுத்து புழுதியில் எழுதியது போன்றதா? ஹார்டு டிஸ்கில் பதிந்துவிட்ட பிறகு என்ன சொல்வது?

மின்சாரத்தைப் பற்றியும் 20-ஆம் நூற்றாண்டு ரபிகள் என்னும் யூத மத அறிஞர்கள் ஒரே குரலில் பேசவில்லை. மின்சுற்றை இணைப்பது கட்டுதல் என்ற வகையைச் சேர்ந்தது என்றார் ஹஸோன் ஈஷ் என்று அழைக்கப்பட்ட ரபி அவ்ராஹாம் கரெலிட்ஸ் (1878–1953). ஜெருசலேமின் ரபி ஷ்லோமோ ஸல்மான் அவுவர்பாக் (1910–1995) அந்த வாதத்தையும் வேறு பல வாதங்களையும் பிரித்து ஆராய்ந்து ஏற்க மறுத்தார். ஆனாலும் மக்கள் வழக்கமே தடையாக நிலைத்துவிட்டது, அதை மாற்றக்கூடாது என்று முடித்தார். காரணத்தில் ஒத்துப்போகாதவர்கள் முடிவில் ஒத்துப்போனார்கள். ஓய்வுநாளில் கீபோர்டின் முன் உட்காரக்கூடாது என்பதில் ஐயம் இல்லை. உட்காராமலே நடக்கும் வேலையைப் பற்றித்தான் பேச்சு.

அந்தப் பேச்சு மின்சாரத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் மிக முந்தையது. ஷம்மாய், ஹில்லேல் என்ற பழங்கால ஆசான்கள் இருவரின் பள்ளிகளும் இதில் மோதிக்கொண்டதை மிஷ்னாவின் ஓய்வுநாள் பகுதி தொடக்கத்திலேயே பதிவு செய்கிறது. வெள்ளிக்கிழமை மையை ஊறப்போடலாமா? சாயத் தொட்டியில் கம்பளியை அமிழ்த்தலாமா? பறவைக்கும் மீனுக்கும் வலை விரித்துவிட்டு வரலாமா? மறுநாள் மை ஊறிக்கொண்டிருக்கும், சாயம் ஏறிக்கொண்டிருக்கும், மீன் வந்து சிக்கும். பொழுது சாயும் முன்பே அந்தக் காரியம் முடிந்துவிடும் என்றால் மட்டுமே சரி என்றது ஷம்மாய் பள்ளி. பகல் வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கிவைத்தால் போதும் என்றது ஹில்லேல் பள்ளி. மனிதனின் கருவிக்கும் ஓய்வு வேண்டும் என்ற கொள்கையே ஷம்மாய் தரப்பின் அடிப்படை என்று மிஷ்னாவின் விரிவுரையான தல்மூத் விளக்க முயல்கிறது. தோட்டத்து வாய்க்காலை வெள்ளி மாலை திறந்துவிட்டால் சனி முழுதும் நீர் பாயலாம் என்ற எடுத்துக்காட்டும் அங்கேயே வருகிறது. சட்டமாக நிலைத்தது ஹில்லேலின் பக்கம்.

ஆகவே சர்வர் ஓடலாம். இரவு 2 மணிக்கு பேக்கப் எடுக்கச் சொல்லி முன்னதாகவே அமைத்துவைத்த க்ரான் ஜாப், திறந்துவிட்ட வாய்க்கால். தளத்தின் தொடர்புப் படிவத்தில் வந்து விழும் விசாரணை, விரித்துவிட்டு வந்த வலையில் சிக்கிய மீன். சனி இரவு எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு எளிதாக முடியாமல் செய்தது ஒரு மாவு ஆலை. நீரால் சுழலும் ஆலையில் வெள்ளி மாலை கோதுமையைக் கொட்டிவிட்டு வரலாமா என்ற கேள்விக்கு, கூடாது என்கிறது தல்மூத்தில் ஒரு கருத்து. சொல்லப்படும் காரணம் ஓசை. ஆலை கடகடக்கும், இன்னாருடைய ஆலை ஓய்வுநாளில் அரைக்கிறது என்று ஊர் அறியும், நாளின் மதிப்பு கெடும். வெனிஸில் 1565-இல் அச்சான ஷுல்கான் ஆரூக் என்ற சட்டத்தொகுப்பில் யோசேஃப் காரோ ஆலையை அனுமதித்தார். அதற்குக் குறிப்பெழுதிய கிராக்கோவின் மோஷே இஸ்ஸர்லெஸ் ஓசைக்கு அஞ்சினார். டெவலப்பரின் வீட்டில் ஆலையின் இடத்தைப் பிடித்திருப்பது கைபேசி. சர்வர் எங்கோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ வர்ஜீனியாவிலோ சத்தமின்றி ஓடுகிறது. அலமாரியின் மேல் கிடக்கும் கைபேசியோ ஆர்டருக்கு ஒரு மணி, கிளையன்டின் வாட்ஸ்அப்புக்கு ஒரு மணி, தளம் முடங்கினால் வேறொரு மணி என்று அடித்துக்கொண்டிருக்கிறது. மணி அடித்தவுடன் காது அங்கே போகிறது, காதின் பின்னால் மனம் போகிறது. பொழுது மங்கும் நேரத்தில் தையற்காரர் ஊசியோடும், எழுத்தர் எழுதுகோலோடும் வெளியே போகக்கூடாது, மறந்துபோய் ஓய்வுநாளிலும் தூக்கிக்கொண்டு நடப்பார்கள் என்று மிஷ்னா எச்சரித்ததற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

எனவே வெள்ளிக்கிழமை மதியத்துக்கென்று ஒரு வேலை ஒழுங்கு உருவாகியிருக்கிறது. குளிர்காலத்தில் ஜெருசலேமில் நாலரை மணியளவில் சூரியன் மறைந்துவிடும். மறைவதற்கு 40 நிமிடம் முன்பே விளக்கேற்றுவது அந்நகர வழக்கம் என்பதால், நான்கு மணிக்கு முன்பே எல்லாம் முடிந்தாக வேண்டும். நியூயார்க்கில் அப்போது காலை ஒன்பது மணிகூட ஆகியிருக்காது. அங்குள்ள கிளையன்ட் காபியோடு உட்கார்ந்து, முகப்புப் பக்கத்தில் ஒரு சின்ன மாற்றம், இன்றே வேண்டும் என்று எழுதத் தொடங்கும் நேரத்தில் இங்கே மேசையை ஒழிக்க வேண்டியிருக்கிறது. தானியங்கிப் பதிலைப் போட்டுவைத்து, பிளக்-இன்கள் தாமாகப் புதுப்பித்துக்கொள்வதை நிறுத்திவைத்து, சர்வரில் இடம் இருக்கிறதா என்று பார்த்து, கைபேசியை அணைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை புதிய நிரலைத் தளத்தில் ஏற்றாதே என்பது மதமே இல்லாத டெவலப்பர்களும் உலகெங்கும் சொல்லிக்கொள்ளும் பழமொழி. இங்கே அதற்கு இரட்டை வலு.

விற்பனைத் தளம் என்றால் சிக்கல் கூடும். மன்ஹாட்டனின் ஒன்பதாவது அவென்யூவில் உள்ள பி அண்ட் எச் என்ற கேமராக் கடை நெறிவழுவாத யூதர்களால் நடத்தப்படுவது. ஓய்வுநாளில் கடை பூட்டிக் கிடக்கும். இணையத்தளம் திறந்திருக்கும். லென்ஸைப் பார்க்கலாம், விலையை ஒப்பிடலாம், ஆனால் ஆர்டர் கொடுக்க முடியாது. கோடிக்கணக்கில் வியாபாரம் செய்யும் ஒரு கடை வாரந்தோறும் தானே கல்லாவை மூடிக்கொள்வது வணிக உலகில் அரிய காட்சி. மீன்வலை உவமை இங்கே போதாது. வலையில் சிக்குவது மீன், இங்கே நடப்பது இருவருக்கிடையிலான கொடுக்கல் வாங்கல், உடைமை கைமாறுவது. ஓய்வுநாளில் தானாகவே நிறைவேறும்படி ஒரு விற்பனையை அமைத்துவைக்கலாமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கல்லாவை மூடுவது அந்த ஐயத்தின் பாதுகாப்பான கரை.

மூடுவது என்று முடிவு செய்தாலும், எந்த ஊர் நேரத்துக்கு மூடுவது? குளிர்காலத்தில் ஜெருசலேமில் சனி மாலை ஆறு மணிக்கு ஓய்வுநாள் முடிந்திருக்கும், லாஸ் ஏஞ்சலஸில் அப்போது சனி காலை எட்டு மணி. கடைக்காரர் விடுபட்டுவிட்டார், அங்கே வாங்குகிற யூதர் விடுபடவில்லை. குருடன் முன்னே இடறுகல்லை வைக்காதே என்ற லேவியராகமக் கட்டளையைப் பிறரைத் தவறு செய்யத் தூண்டுவதற்கும் பொருத்துவது யூத மரபு. ஆனால் உலகத்து வாங்குபவர்களில் யார் யூதர் என்று தளத்துக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள முயல்வதும் அழகல்ல. நடைமுறையில் பலர் கடைக்காரரின் ஊர் நேரத்தையே கணக்கில் கொள்கிறார்கள். சூரியன் மறையும் நேரம் வாரத்துக்கு வாரம் மாறுவதால் ஹெப்கால் போன்ற நாட்காட்டிச் சேவையிலிருந்து விளக்கேற்றும் நேரத்தை எடுத்துத் தளத்தோடு இணைக்கலாம். வேர்ட்பிரஸுக்கு இதற்கென்றே பிளக்-இன்கள் உண்டு.

பணத்தைப் பற்றிய விதிகள் ஃப்ரீலான்ஸருக்கென்றே எழுதப்பட்டவை போல இருக்கின்றன. ஓய்வுநாளுக்கென்று தனியாகக் கூலி வாங்கக்கூடாது. ஆனால் வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒட்டுமொத்தமாகப் பேசிய கூலியில் அந்த நாளின் பங்கு கரைந்திருந்தால் தவறில்லை. அப்படிக் கரைப்பதற்கு ஹவ்லாஆ என்று பெயர். கிளையன்டின் தளத்தைத் தன் சர்வரில் வைத்துப் பராமரிக்கும் டெவலப்பர் ஹோஸ்டிங்கிற்கு நாள் கணக்கில் பில் போட்டால் நான்கு சனிக்கிழமைகள் தனித்தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். மாதக் கணக்கில் போட்டால் நிற்காது. தொகை ஒன்றுதான், பில்லின் அமைப்புதான் வேறு. இதை வெறும் சாமர்த்தியம் என்று ஒதுக்கிவிட முடியாது. நாள் கூலி என்பது நேரத்தின் விலை, மாதப் பொறுப்பு என்பது ஒரு காரியத்தின் விலை. ஓய்வுநாளில் விற்கக்கூடாதது நேரம்.

அதே வேறுபாடு வேலையை வெளியே கொடுக்கும்போதும் வருகிறது. யூதரல்லாத ஒருவரிடம் ஓய்வுநாளில் எனக்காக இதைச் செய் என்று சொல்லக்கூடாது. ஆனால் வேலை முழுவதற்கும் விலை பேசி, என்றைக்குச் செய்வது என்பதை அவர் விருப்பத்துக்கு விட்டு, வெள்ளிக்கு முன்பே ஒப்படைத்துவிட்டால், அவர் சனிக்கிழமை செய்தாலும் தவறு இல்லை. அவர் நாள்கூலி அல்ல, ஒப்பந்தக்காரர், தன் வேலையைத்தான் செய்கிறார். ஜெருசலேமில் இருப்பவர் ஒரு தளத்தின் வடிவமைப்பைக் கோயம்புத்தூரில் உள்ள ஃப்ரீலான்ஸருக்குக் காண்ட்ராக்ட் பேசிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொண்டால், கோயம்புத்தூர்க்காரர் சனிக்கிழமை எத்தனை மணி நேரம் உழைத்தாலும் அது அவர் கணக்கு. மணிக்கணக்கில் கூலி பேசி, சனிக்கிழமையே முடித்துத் தா என்று கெடு வைத்தால் கணக்கு இவர் பக்கம் திரும்பிவிடும்.

தளம் முடங்கிவிட்டால் என்ன செய்வது? இதற்கு நெருப்பைப் பற்றிய சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் ஓய்வுநாள் தானாக விலகிக்கொள்கிறது. ஆம்புலன்ஸ் அழைப்பை ஏற்கும் தளம் முடங்கினால் உடனே உட்கார்ந்து சரிசெய்வது அனுமதி மட்டுமல்ல, கடமை. ஆனால் முடங்குகிற தளங்களில் பெரும்பாலானவை செருப்புக் கடையும் கேக் கடையும்தான், அங்கே போவது பணம். வீடு எரிந்தாலும் உயிராபத்து இல்லையென்றால் தானே அணைக்கக்கூடாது, அணைக்க வரும் யூதரல்லாதவரிடம் அணை என்றும் சொல்லக்கூடாது, அணைக்காதே என்றும் சொல்லவேண்டியதில்லை என்பது மிஷ்னா. அணைப்பவருக்கு நஷ்டம் வராது என்று பொதுவாகச் சொல்லிவைக்கலாம் என்று தல்மூத் சற்றே கதவைத் திறக்கிறது. தன் பொருள் அழிவதைக் கண்ட மனிதன் நிலைதடுமாறுவான் என்பதை அந்த ரபிகள் நன்றாக அறிந்திருந்தார்கள். பொருளை மீட்கும் அளவுக்கு அவர்கள் வரம்பு வைத்ததும் அதனால்தான். விவரம் தெரிந்த டெவலப்பர்கள் ஒப்பந்தத்திலேயே சனிக்கிழமை சேவை கிடையாது என்று எழுதிவிடுகிறார்கள், அல்லது வேறு மதத்துக் கூட்டாளி ஒருவர் தன் பொறுப்பில் அன்றைய அழைப்புகளைப் பார்த்துக்கொள்ளும்படி முன்கூட்டியே பேசிக்கொள்கிறார்கள்.

இத்தனை விதிகளுக்கும் அடியில் உள்ள கேள்வி, ஓய்வு யாருக்கு என்பது. யாத்திராகமத்தில் படைப்பின் ஏழாம் நாள் காரணமாகச் சொல்லப்படுகிறது, உபாகமத்தில் எகிப்தின் அடிமை வாழ்வு காரணமாகச் சொல்லப்படுகிறது. இரண்டிலும் ஓய வேண்டியவர்களின் வரிசை உண்டு: நீ, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, உன் மிருகம், உன்னிடம் தங்கிய அந்நியன். கலப்பையும் ஆலையும் அந்த வரிசையில் இல்லை. ஹில்லேல் தரப்பு கருவியை ஓட விட்டதும், அதே சட்டம் மாட்டை ஓயவைத்ததும் இந்த வரிசையோடு பொருந்துகின்றன. மாடு களைக்கும், வலை களைக்காது. அந்தக் கட்டளை எஜமானை நோக்கிப் பேசுகிறது, அவன் கீழ் இருப்பவர்களுக்காகப் பேசுகிறது. ஃப்ரீலான்ஸருக்கு எஜமானும் இல்லை, வேலைக்காரனும் இல்லை. இரண்டு பேரும் அவரேதான். கம்பெனி ஊழியரை ஓயவிடாமல் வைக்கும் முதலாளியைச் சட்டம் கேட்கும். தன்னைத் தானே ஓயவிடாதவரைக் கேட்க அந்த வரிசையின் முதல் சொல்லான நீ மட்டுமே இருக்கிறது.

ரபி ஆபிரகாம் யோசுவா ஹெஷல் 1951-இல் எழுதிய ஓய்வுநாள் பற்றிய சிறு நூலில், யூத மதம் இடத்தைவிடக் காலத்தையே புனிதமாக்குகிறது, அதன் கோயில்கள் காலத்தில் கட்டப்பட்டவை என்று வாதிட்டார். டெவலப்பர் கட்டுவது இடமும் அல்ல, எந்த நேரமும் திறந்திருக்கும் ஒன்று. எல்லா நேரமும் ஒன்றுபோலவே இருப்பது அதன் சிறப்பாக விற்கப்படுகிறது. இந்த இரண்டும் ஒரே மனிதரின் வாழ்வில் சேர்ந்திருக்க வேண்டுமானால், சர்வரை ஓடவிட்டு மனிதரை விலக்கிவைக்கும் ஹில்லேலின் வழியே ஆகக்கூடியது. ஆனால் வாய்க்காலைத் திறந்தவர் வீட்டுக்குப் போய்விடுவார் என்ற எண்ணத்தின் மேல் அந்தத் தீர்ப்பு நிற்கிறது. மணிக்கொரு தரம் வரப்புக்கு வந்து நீர் எவ்வளவு பாய்ந்தது என்று பார்ப்பவரைப் பற்றி அது பேசவில்லை. கருவிக்கும் ஓய்வு கொடு என்ற ஷம்மாய் பள்ளி, சட்டத்தில் தோற்றாலும் மனத்தின் இந்தப் பழக்கத்தைக் கூர்ந்து கண்டிருந்தது என்று நினைக்க இடம் உண்டு. கல்லாவை மூடும் கடைகள் அந்தத் தோற்ற தரப்பை ஓரளவு கடைப்பிடிக்கின்றன.

தானே யோசித்து வாடிக்கையாளருக்குப் பதில் எழுதி, தானே நிரலைத் திருத்தும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு பழைய வரிசை மறுபடியும் தட்டப்படுகிறது. அது வலையா, வேலைக்காரனா? களைப்பு என்பதை அளவுகோலாகக் கொண்டால் அது வலைதான், வெள்ளி மதியம் விரித்துவிட்டுப் போகலாம். ஒருவனின் பிரதிநிதி அவனைப் போன்றவனே என்ற தல்மூத் விதியை அளவுகோலாகக் கொள்ள முடியாது. பிரதிநிதியாக இருக்கக் கட்டளைக்கு உட்பட்ட மனிதன் வேண்டும், மென்பொருள் அப்படிப்பட்டதல்ல. ஆயினும் அது டெவலப்பரின் பெயரில், அவர் எழுதும் நடையில், சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கிளையன்டுக்குப் பதில் அனுப்பினால், அதைப் பெறுகிறவர் அவர் வேலையில் இருக்கிறார் என்றே நினைப்பார். அங்கே எழுவது கருவியின் ஓய்வு அல்ல, இஸ்ஸர்லெஸ் அஞ்சிய ஆலையின் ஓசை.