யாருடைய நிம்மதிக்காக?



பனையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்தவர் ஒருவருக்கு முதல் வெள்ளிக்கிழமையன்று நன்மை கொண்டுபோனேன். தட்டியும் அவர் கண் திறக்கவில்லை. "இப்பம் கால் இழுப்பு இல்லை சாமி, நாள் பூரா தூங்குதாக" என்றாள் மனைவி. அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. எனக்கும், சொல்ல வெட்கமாயிருக்கிறது, நிம்மதியாகவே இருந்தது.

முதுகுத்தண்டின் நரம்பு சேதமானால், மூளையின் அடக்கம் கீழே எட்டாது. கால்கள் தாமே விறைத்து இழுக்கும். இதற்குத் தரும் பாக்லோபென் மாத்திரை, 1962-ல் சுவிட்சர்லாந்தில் காக்காய்வலிப்புக்கென்று உண்டாக்கப்பட்டது. அது இழுப்பைத் தணிக்கிறது. இரத்தத்தோடு மூளைக்கும் போய் மயக்கத்தையும் தருகிறது. பெரும்பாலும் சிறுநீர் வழியாகவே வெளியேறும். இப்படிப்பட்ட நோயாளிகளுக்கோ சிறுநீரகம் கெடுவது சகஜம். அப்போது மருந்து உடலில் தேங்கி, வழக்கமான அளவே ஆளை அடித்துப்போடும், புத்தியும் தடுமாறும்.

ஒரே செய்கையால் இரண்டு விளைவு உண்டாகும்போது, ஒன்றை மாத்திரம் நாடி மற்றதை நாடாதிருக்கலாம் என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் போதித்தார். பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசரும், 24-2-1957-ல் வைத்தியர்களுக்கு அளித்த பதிலில், வேறு வழியில்லாதபோது உணர்வு மங்கினாலும் வேதனையைத் தணிக்கலாம் என்றார். ஆனால் கனமான காரணமின்றி, சாகிறவனுடைய உணர்வைக்கூடப் பறிக்கலாகாது என்றும் சொன்னார். நம்முடைய மனிதரோ சாகிறவரல்ல.

ஆகவே மாத்திரை கொடுப்பது பாவமல்ல. சங்கடம் பிறகு வருகிறது. நாம் நாடாத மயக்கத்தால் வீடு அமைதியாகிறது; அந்த அமைதி நமக்கு ருசிக்கத் தொடங்குகிறது. "ரொம்பத் தூங்குகிறார்" என்று வைத்தியரிடம் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். அந்நேரம் முதல், நாடாதது நாடியதாகிவிடவில்லையா? அதை அவருடைய பொறுமை என்று மெச்சவும் செய்கிறோம்!

மனைவியை நான் குறைசொல்லவில்லை. படுக்கைப்புண் வராதபடி இரவெல்லாம் அவரைப் புரட்டிப் போடுகிறவள் அவள்தான்.

மறுமுறை அவர் விழித்திருந்தபோது கேட்டேன். "இழுப்பு நின்னது நல்லதுதான் சாமி. ஆனா பிள்ள பள்ளிக்கூடம் விட்டு வாரது தெரிய மாட்டேங்குது" என்றார். அவரிடம் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிரமையும் கண்டு உயிருக்கே மோசம் வரலாம். வைத்தியர்தான் சிறுகச் சிறுகக் குறைக்கவேண்டும்.

இவருக்கும் சிறுநீரகத்தைச் சோதித்து அளவைக் குறைத்தார்கள். இப்போது சாயந்தரம் விழித்திருக்கிறார். இரவில் இழுப்பு கொஞ்சம் திரும்பியிருக்கிறது. அவளுக்குத் தூக்கம் குறைந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை அவளிடமும் கேட்கவேண்டும்.