அந்நிய தேசத்தில் ஒரு தோட்டம்

இந்த மாதத் தியானத்திற்கு எரேமியா 29-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுவோம். வேதத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள். முக்கியமாக, பிள்ளைகளைத் தூரதேசத்துக்கு அனுப்பிவிட்டு ராத்திரி தூக்கமில்லாமல் புரளுகிற தாய் தகப்பன்மார் வாசியுங்கள்.

இந்த அதிகாரம் ஒரு கடிதம். எருசலேமில் இருந்த எரேமியா, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனங்களுக்கு எழுதினது. சிதேக்கியா ராஜா அனுப்பின தூதர்கள் கையில் அது போனது. ஊரிலிருந்து கடிதம் வருகிறது என்றால் அவர்கள் என்ன எதிர்பார்த்திருப்பார்கள்? "கவலைப்படாதீங்க, சீக்கிரம் வந்துருவீங்க" என்றுதானே! ஆனால் உள்ளே இருந்த செய்தி வேறே. அங்கேயே வீடு கட்டுங்கள், செடி கொடி வையுங்கள், குடும்பமாகப் பெருகுங்கள், அந்தப் பட்டணம் நன்றாயிருக்க ஜெபம்பண்ணுங்கள், அது நன்றாயிருந்தால்தான் நீங்களும் நன்றாயிருப்பீர்கள் என்பது கர்த்தருடைய கட்டளை.

இதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருத்தன் வருகிறான். "இரண்டே வருஷம், எல்லாரும் திரும்பிவிடலாம்" என்று தீர்க்கதரிசனம் சொன்னான். கேட்க இனிப்பாய் இருந்தது. ஆனால் அது பொய். எரேமியா சொன்னதோ எழுபது வருஷம்! பிரியமானவர்களே, அனனியாவை நம்பினவன் பாபிலோனில் ஒரு கத்தரிச் செடியாவது வைத்திருப்பானா? மூட்டையைக் கட்டி வாசலில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு எருசலேமும் இல்லை, பாபிலோனும் இல்லை.

இன்றைக்கும் இந்த அனனியா பேசுகிறான். திருமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் நம் சபைக் குடும்பம் ஒன்று. மகன் 2018-ல் சீன தேசத்துக்கு டாக்டர் படிப்புக்குப் போனான். யூதர்கள் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள். நம் பிள்ளைகள் கடன் வாங்கிக்கொண்டு போனவர்கள். அடமானத்தில் நிலம், பாங்கில் கடன். பையன் அங்கே போயும் பெட்டியை முழுசாய்ப் பிரிக்கவில்லை. இட்லிப்பொடியும் ஊறுகாயும் தீருகிற வரைக்கும் வேறொன்றைத் தொடவில்லை. "ஆறு வருஷந்தானே, பல்லைக் கடிச்சிக்கிட்டு ஓட்டிருவேன்" என்று காலண்டரில் நாளை அடித்துக்கொண்டிருந்தான். இங்கே தாயோ தினமும் ராத்திரி போனில் அழுகை. "சாப்பிட்டியா சாமி? குளிருதா? பேசாம வந்துரு." நமக்கு ராத்திரி 9 மணி என்றால் அங்கே 11.30. தாய் அழுது முடித்துத் தூங்கிவிடுவாள். பிள்ளைக்குத் தூக்கம் போய்விடும். காலையில் அவன் வகுப்பில் எப்படி உட்காருவான்?

அடுத்து வந்தது கொரோனா. அந்த 2020-ல் சீனக் கல்லூரிகளில் 23,000-க்கு மேற்பட்ட இந்திய மாணவர்கள் இருந்தார்கள். அதிகம் பேர் மருத்துவம் படித்தவர்கள். சீனப் புத்தாண்டு லீவுக்கு ஊருக்கு வந்த இந்தப் பையன், திரும்பிப் போக முடியவில்லை. மாடியில் சிக்னல் கிடைக்கிற மூலையில் உட்கார்ந்து செல்போனில் பாடம் கேட்டான். சீனாவிலோ வாட்ஸ்அப்புக்குத் தடை. நம் தேசத்திலோ 2020 ஜூன் 29-ல் வீசாட்டுக்குத் தடை. அவனுடைய வகுப்புச் செய்திகள் வந்துகொண்டிருந்த வழியும் அடைபட்டது. 2022 ஆகஸ்டில்தான் மாணவர்களுக்கு மறுபடியும் விசா கொடுக்கத் தொடங்கினார்கள். ஊருக்கு வரவேண்டும் என்று அழுதவன் ஊரில் இரண்டரை வருஷத்துக்கு மேல் இருந்தான். ஆனால் சந்தோஷமாய் இல்லை. பாதியில் நிற்கிற படிப்பு மனசைத் தின்றது.

அவன் திரும்பிப் போகிறதற்கு முந்தின வாரம் அந்த வீட்டில் ஜெபக்கூட்டம். அன்றைக்கு இந்த எரேமியா 29-ஐத்தான் வாசித்தோம். ஜெபம் முடிந்ததும் அந்தத் தாய் எழுந்து மகன் தலையில் கை வைத்துச் சொன்னாள்: "தம்பி, நான் அழுதது போதும்ப்பா. இனிமே தெனம் போன் வேணாம். ஞாயித்துக்கிழமை பேசுனாப் போதும். அங்க இருக்கற வரைக்கும் அங்க நல்லா இரு. அவங்க சாப்பாட்டச் சாப்பிடு, அவங்க பாஷயப் படி." அல்லேலூயா! எரேமியா கடிதத்தில் எழுதினதை அந்தத் தாய் தன் வாயால் சொன்னாள். பிள்ளை அழாமல் விமானம் ஏறினான்.

இந்தத் தடவை போன அன்றைக்கே பெட்டியைப் பிரித்தான். விடுதியைப் பார்த்துக்கொள்ளுகிற வயதான அம்மாவை அங்கே "ஆயி" என்று கூப்பிடுவார்களாம். சித்தி, அத்தை மாதிரி ஒரு மரியாதைச் சொல். "நம்ம ஊர்ல பெத்தவளக் கூப்பிடற சொல்லு மாதிரியே இருக்கு ஐயா" என்று எனக்குச் சொன்னான். அந்த ஆயியிடம் பேசிப் பேசியே பாஷை வந்தது. எச்.எஸ்.கே. என்கிற சீனமொழிப் பரீட்சையில் நான்காம் நிலை தேறினான். அது தேறாவிட்டால் பட்டம் கிடைக்காது என்று நம் தூதரகமே 2022-ல் எச்சரித்திருந்தது. வார்டில் படுத்திருக்கிற நோயாளி தன் வலியைச் சீன பாஷையில்தானே சொல்லுவான்? அது புரியாதவன் என்ன வைத்தியம் படிப்பான்? 2015 முதல் 2021 வரை சீனாவில் படித்துவிட்டு இங்கே தகுதித் தேர்வு எழுதினவர்கள் 40,417 பேர். தேறினவர்கள் 6,387 பேர் மட்டுமே என்றும் அதே தூதரகம் சொன்னது. காரணம் பல இருக்கலாம். ஆனாலும் மனசை ஊரிலேயே வைத்துவிட்டு உடம்பை மட்டும் அனுப்பிப் படிக்கிற படிப்பு எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள். இந்தப் பையன் முதல் தடவை தவறி, இரண்டாம் தடவை தேறி, இன்றைக்கு நம் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பயிற்சி செய்கிறான். கர்த்தருக்கே மகிமை!

அப்படியானால் ஊரை மறந்துவிட வேண்டுமா? இல்லவே இல்லை! தானியேலைப் பாருங்கள். முதலாம் அதிகாரத்தில் கல்தேயருடைய பாஷையையும் படிப்பையும் கற்றுக்கொண்டான். அவர்கள் வைத்த பேரையும் சுமந்தான். ராஜாவுக்கு உண்மையாய் வேலை செய்தான். ஆறாம் அதிகாரத்தில் பார்த்தால், வயதான காலத்திலும் அவனுடைய மேலறைப் பலகணி எருசலேமுக்கு நேராய்த் திறந்திருக்கிறது. தினமும் மூன்று வேளை அங்கே முழங்கால். வேர் பாபிலோன் மண்ணில், சன்னல் எருசலேம் பக்கம். இரண்டும் வேண்டும். சன்னல் இல்லாதவன் தன்னை மறந்துபோவான். வேர் இல்லாதவன் வாடிப்போவான்.

நம்ம மதுரைச் சீமைக்கும் சீன தேசத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. மாறவர்மன் குலசேகர பாண்டியன் இங்கே ஆண்ட நாளில், குப்ளாய் கான் அங்கே ஆண்டான். அந்நாளில் சுவான்சோ என்கிற சீனத் துறைமுகத்தில் தமிழர்கள் குடியிருந்தார்கள். 1281-ல் சம்பந்தப் பெருமாள் என்கிற தமிழர் அங்கே வெட்டுவித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கடைசியில் சீன எழுத்தும் உண்டு. அவர் எழுப்பினது சிவன் கோவில். நம் விசுவாசம் வேறு. ஆனாலும் கவனியுங்கள். தேதியை நம் சக வருஷத்திலும் சித்திரை மாதத்திலும் போட்டிருக்கிறார். வேண்டுதலோ அந்த தேசத்துக் கான் அரசனுடைய உடல்நலத்துக்கு! எழுநூறு வருஷத்துக்கு முன்னே ஒரு தமிழர் வேரையும் சன்னலையும் ஒரே கல்லில் வைத்துவிட்டுப் போனார். ஜீவனுள்ள தேவனை அறிந்த நாம் இதிலே குறைவுபடலாமா?

பெற்றோரே, உங்கள் வாயிலிருந்து அந்த அனுமதி போகட்டும். "நீ அங்கே நன்றாய் இரு" என்று நீங்கள் சொன்னால்தான் பிள்ளை குற்ற உணர்வில்லாமல் சிரிப்பான். வட்டிக் கணக்கை ஒவ்வொரு போனிலும் வாசிக்காதிருங்கள். அதே சமயம், வீட்டில் சாவோ சுகவீனமோ வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தது பிறகு தெரிந்தால் ஒவ்வொரு போனுக்கும் பயப்படுவார்கள்.

வாலிபப் பிள்ளைகளே, பெட்டியைப் பிரியுங்கள். அந்த ஊர்க்காரர் ஒருவரையாவது சிநேகம் பிடியுங்கள். அந்த தேசத்துச் சட்டத்துக்குக் கீழ்ப்படியுங்கள். வெளிநாட்டவர் இஷ்டம்போலப் பிரசங்கம் பண்ண அங்கே அனுமதியில்லை. உங்கள் நேர்மையே பிரசங்கமாயிருக்கட்டும். தினமும் பத்து நிமிஷமாவது தமிழ் வேதத்தை வாய்விட்டு வாசியுங்கள். அதுதான் உங்கள் சன்னல்.

சபையாரே, நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளைகளுக்காக ஜெபிக்கிறோம், அவர்கள் இருக்கிற பட்டணத்துக்காக ஜெபிக்கிறோமா? வருகிற ஞாயிறு ஆராதனையில் அந்தப் பட்டணத்தின் பேரைச் சொல்லி, அங்குள்ள ஜனங்களின் சமாதானத்துக்காக ஜெபிப்போம். காலை 9 மணிக்கு நாம் இங்கே முழங்காலில் நிற்கும்போது, அங்கே 11.30-க்கு ஏதோ ஒரு ஆயி நம் பிள்ளைக்கு வெந்நீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பாள். அவளையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.