கைமாறி வந்த காரும் நம் கைக்கணக்கும்



கோலா சிலாங்கூர்ப் பட்டணத்திலும், தஞ்சோங் காராங், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா (2007-ஆம் ஆண்டு வரை பத்தாங் பெர்ஜுந்தை) முதலிய இடங்களிலும் கடை நடத்தும் நம்மவர் வீடுகளில் எழக்கூடிய ஒரு கேள்வியை இம்மாதம் எடுத்துக்கொள்வோம். சாச்சா ஆசையாக ஓட்டிய ஸ்போர்ட்ஸ் கார் பையன் கைக்கு வந்திருக்கிறது. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. செலவு செய்து புதுப்பிப்பதா, இரும்புக் கடைக்குத் தள்ளிவிடுவதா?

மார்க்கம் பேசும் பக்கத்தில் மோட்டாருக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். பொருள் வந்த வழியும் போன வழியும் மறுமையில் கேட்கப்படும் என்று நம்புகிற நமக்கு இதுவும் மார்க்கத்தின் பேச்சே.

முதலாவது, அந்தக் கார் யாருடையது? சாச்சா உயிரோடிருக்கையில் மனமொப்பிக் கொடுத்து, பையனும் கைப்பற்றியிருந்தால் அது ஹிபா, சொந்தமாயிற்று. ஜே.பி.ஜே. அலுவலகத்தில் பெயர் மாற்றத்தையும் தாமதமின்றி முடித்துக்கொள்ளுதல் நலம். “எனக்குப் பின் நீ எடுத்துக்கொள்” என்று மட்டும் சொல்லியிருந்தாலோ அது வசிய்யத்தின் பாற்படும். கடன்கள் தீர்ந்து, எஞ்சிய சொத்தின் மூன்றிலொரு பங்குக்குள் அடங்கவேண்டும். ஒன்றுமே சொல்லாமல் மவுத்தாகிவிட்டால் அது வாரிசுகள் அனைவரின் பொருள். சாச்சியும் பிள்ளைகளும் வாய்திறந்து கேட்கவில்லை என்பதற்காக உரிமை மறைந்துவிடாது. இது தெளியாமல் பட்டறைக்கு வண்டியை அனுப்புவது பிறர் நிலத்தில் வீடு கட்டுவதை ஒக்கும்.

அடுத்து, நிரம்ப ஓடிய வண்டி என்பதாலேயே அதை இகழ வேண்டியதில்லை. ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் ஒட்டகத்தை நினைவு கூர்வீர்களாக. அவர்களுடைய தந்தையார் உஹதுப் போரில் ஷஹீதாகி, கடனையும் பல பெண்மக்களையும் விட்டுச் சென்றிருந்தார்கள். ஒரு பிரயாணத்தில் ஜாபிரின் ஒட்டகம் களைத்துப் பின்தங்கிற்று. அதை விட்டுவிடலாமா என்றுகூட எண்ணினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வந்து அதைத் தட்டி, துஆ செய்தார்கள். முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் அது நடந்தது. பிறகு அதை விலைக்குக் கேட்டார்கள். மதீனா சேரும் வரை ஏறிச்செல்லும் உரிமை தமக்கு வேண்டும் என்ற நிபந்தனையோடு ஜாபிர் விற்றார்கள். ஊர் சேர்ந்ததும் விலையும் கொடுக்கப்பட்டது. ஒட்டகமும் திருப்பிக் கொடுக்கப்பட்டது! களைத்துப்போன பிராணி உதவாத பிராணி ஆகிவிடவில்லை. நிபந்தனையை முன்கூட்டியே வாய்விட்டுச் சொன்ன அந்த வியாபார ஒழுங்கையும் நாம் கவனித்தல் வேண்டும்.

இனிக் காருக்கு வருவோம். நம் நாட்டு உதாரணமாகப் புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ. காரையே எடுத்துக்கொள்ளலாம். 1998-இல் வெளிவந்தது. 1.8 லிட்டர் மிட்சுபிஷி வகை எஞ்சின். புரோட்டோன் கம்பெனி 1996-இல் ஆங்கிலேய லோட்டஸ் கம்பெனியின் பெரும்பங்கை வாங்கியிருந்தபடியால், லோட்டஸ் எஞ்சினியர்களின் கைவண்ணம் இதன் ஓட்டத்தில் உண்டு. இன்றும் இதை விரும்பித் தேடுவோர் இருக்கிறார்கள். ஆகவேதான் சாதாரணச் சத்ரியாவுக்கு ஜி.டி.ஐ. வேஷம் போட்டு விற்பவர்களும் தோன்றிவிட்டார்கள். சாசி எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவு விவரத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதே முதல் வேலை.

எஞ்சின் தேய்ந்திருந்தால் அதற்கு மருந்து உண்டு. கம்ப்ரஷன் மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் நிலைமை தெரிந்துவிடும். டைமிங் பெல்ட் எப்பொழுது மாற்றியது என்ற சீட்டு இல்லையேல், முதலில் அதை மாற்றிவிட்டே வண்டியை ஓட்டல் வேண்டும். ஓடும்போது அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, சிறு செலவு பெருஞ்செலவாகிவிடும். எஞ்சினே போனாலும், ஜப்பானிலிருந்து வரும் பாதி வெட்டிய வண்டிகளிலிருந்து வேறொன்று எடுக்கலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் ‘ஹாஃப் கட்’ கடைகள் பல உள்ளன. மாற்றிய எஞ்சினை ஜே.பி.ஜே.யில் பதியவேண்டும்.

துருவின் சங்கதி வேறு. நம் ஊர் கடலோரம். பாசிர் பெனாம்பாங், ஜெராம் பக்கமிருந்து வீசும் உப்புக் காற்றும், வாசலில் மாதக்கணக்கில் நின்ற வண்டியின் கம்பளத்தடியில் தேங்கிய மழை நீரும் தகட்டை மெல்ல மெல்லத் தின்றுவிடும். தோட்டத்துச் செம்மண் சேறு சக்கர வளைவுக்குள் அப்பிக்கொண்டு ஈரத்தை விடாது. ஆதலின் மீட்டரைப் பாராதீர்கள். குனிந்து அடியைப் பாருங்கள். கதவுக்குக் கீழுள்ள விளிம்புத் தகடு, மாற்றுச் சக்கரம் வைக்கும் குழி, சாக் அப்சார்பரின் தலை பொருந்தும் மேற்கூடு ஆகியவற்றை ஸ்குரூ டிரைவரால் அழுத்திப் பார்த்தால் உண்மை விளங்கும். மேற்கூடு இற்றிருந்தால் அவ்வண்டியை விட்டுவிடுவதே புத்தி என்பது நம் அபிப்பிராயம். அதை வெட்டி ஒட்டுவதற்கு ஆகும் கூலிக்கு முடிவே இராது. ஒட்டியபின் வேகமாக ஓட்டுபவன் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை.

அடித்தகடு திடமாக இருந்தாலும் பணம் எங்கிருந்து வருகிறது? மொத்தக் கடைக்காரருக்குக் கொடுக்கவேண்டிய பாக்கியும், கடைப் பையன்களின் சம்பளமும் நிற்கையில் பட்டறைக்குப் பணம் போகலாகாது. பட்டறைக்காரர் சொல்லும் தொகையைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். பிரித்துப் பார்த்தபின் ஏறும் செலவுக்கென்று அதில் பாதியைத் தனியே கூட்டுங்கள். அத்தொகை கையிருப்பில், லாபத்திலிருந்து, உண்டா? கடன் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் கார் கொட்டகையிலேயே நிற்கட்டும். மலாவத்திக் குன்றின் பீரங்கிகளும் சும்மாதான் நிற்கின்றன; யாரும் சுடச் சொல்லவில்லை.

ஆசையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஸுலைமான் (அலை) அவர்களுக்கு முன் அழகிய குதிரைகள் கொண்டுவரப்பட்ட வரலாற்றைத் திருக்குர்ஆன் கூறுகிறது. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்ததில் பொழுது மறைந்துவிட்டதென முஃபஸ்ஸிர்கள் பலர் விளக்குவர். குதிரை ஹராமன்று, அது நேரத்தைத் தின்றதே கவலை. ஞாயிற்றுக்கிழமை தோறும் பையன் வண்டிக்கடியில் படுத்துக்கிடந்து லுஹரையும் அஸரையும் விட்டுவிடுகிறானா, அல்லது அந்த ஆசையால் ஒரு கைத்தொழில் கற்று, வாப்பாவோடும் உட்கார்ந்து பேசுகிறானா என்பதை வீட்டார்தாம் அறிவர். இரண்டாவது வகையாயின் செலவை நாம் வீண் என்று சொல்லமாட்டோம்.

புதுப்பித்து விற்கும் நோக்கமிருந்தாலோ வியாபாரிகளாகிய நமக்குச் சோதனை அங்கேதான் இருக்கிறது. தானியக் குவியலுள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட, அடியில் ஈரம் தட்டிற்று. மழை பட்டது என்றான் விற்பவன். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசடி செய்பவன் தம்மைச் சேர்ந்தவனல்லன் என்று எச்சரித்தார்கள். துருவின்மேல் புட்டி அப்பிச் சாயமடிப்பதும், மூன்று லட்சத்தை ஒன்றரை லட்சமாக மீட்டரில் திருப்புவதும் நனைந்த தானியமன்றி வேறென்ன? வெட்டிய தகட்டின் போட்டோவையும் பட்டறை ரசீதுகளையும் ஓர் உறையிலிட்டு வாங்குபவரிடம் கொடுங்கள். விலை சற்றுக் குறையலாம். குறையட்டும்.

புதுப்பிக்க இயலாது என்று முடிவானாலும் அப்படியே எறிந்துவிட வேண்டாம். செத்த ஆட்டின் தோலையேனும் பதனிட்டுப் பயன்படுத்தலாகாதா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டதுண்டு. கியர் பெட்டி, ஆசனங்கள், கண்ணாடிகள் ஆகியவற்றை வேறொரு சத்ரியாக்காரர் விலை கொடுத்து வாங்கிக்கொள்வார். கழற்றுமுன் ஜே.பி.ஜே.யில் பதிவை ரத்து செய்துவிடுங்கள். அந்த எண் தட்டு இன்னொரு வண்டியில் ஏறித் திரிய இடம் வைக்கலாகாது. சாச்சியின் பங்கு அதில் இருக்குமாயின், விற்ற காசைப் பையன் கையில் கொடுக்காமல் நேரே அவர்களிடம் சேர்ப்பியுங்கள்.