உதிர்ந்த முடியும் எண்ணப்பட்டதே!

வேதபகுதி: லேவியராகமம் 13:40, 41, மத்தேயு 10:30



லேவியராகமம் 13ம் அதிகாரத்தை நாம் வேகமாகப் புரட்டிவிடுகிறோம். தடிப்பு, வெள்ளைப்படர், குஷ்டம், ஏழு நாள் அடைத்து வைத்தல் என்று நீளமாகப் போகிற அதிகாரம் அது. குடும்ப ஜெபத்தில் அந்தப் பக்கம் வந்தால் பிள்ளைகள் கொட்டாவி விடும். ஆனால் நடுவிலே 40, 41ம் வசனங்களில் கர்த்தர் ஒரு காரியத்தைத் தனியாக எடுத்துச் சொல்லுகிறார். தலைமுடி கொட்டிப்போன ஒருவன் ஆசாரியனிடத்தில் வந்தால், அவனைத் தீட்டுள்ளவன் என்று சொல்லிப் பாளயத்துக்கு வெளியே அனுப்பக்கூடாது. அவன் சுத்தமானவன்தான். முன்பக்கத்து முடி போயிருந்தாலும் அப்படியே. அந்த இடத்தில் புண் கண்டால் அது வேறே விஷயம், அதற்கு அடுத்த வசனத்தில் தனிச் சட்டம் இருக்கிறது. வெறுமனே முடி கொட்டினது தீட்டல்ல என்று மோசேயின் காலத்திலேயே கர்த்தர் எழுதி வைத்துவிட்டார்.

இந்த மாதம் நான் இந்த வசனத்தை எடுத்ததற்குக் காரணம் உண்டு. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கூடுகிற நம்முடைய இரண்டு கூட்டங்களில், ஒரு கூட்டத்தைச் சேர்ந்த சகோதரி மார்பகப் புற்றுநோய்க்காக மதுரைக்குப் போய் கீமோதெரபி எடுத்து வருகிறார்கள். பெயர் எழுதவில்லை. அவர்களிடம் கேட்டு, "எழுதுங்க பாஸ்டரய்யா, இன்னொருத்திக்கு உதவும்" என்று அவர்கள் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். ஆபரேஷனுக்கு அவர்கள் அழவில்லை. முதல் ஊசி ஏறினபோதும் அழவில்லை. பதினேழாம் நாள் காலையில் தலை சீவும்போது சீப்போடு கொத்தாக முடி வந்தது. அன்றைக்குத்தான் உட்கார்ந்து அழுதார்கள். அதற்குப் பிறகு ஆறு வாரமாக ஆராதனைக்கு வரவில்லை. நானும் என் மனைவியும் வீட்டுக்குப் போனபோது, "அடுத்த ஊசிக்கு நான் போகலய்யா. ஜெபம் பண்ணுங்க, அது போதும். இந்தத் தலையோட நான் எப்படி சபைக்கு வர?" என்றார்கள்.

பிரியமானவர்களே, நம்முடைய பக்கத்தில் ஒரு பொம்பளை மொட்டைத் தலையோடு தெருவில் நடந்தால் அடுத்த வீட்டார் கேட்கிற முதல் கேள்வி என்ன? "இருக்கன்குடிக்கா, பழனிக்கா?" அவர்கள் தப்பாகக் கேட்கவில்லை. நேர்ந்துகொண்டு முடி இறக்குகிறது இந்த மண்ணின் பழக்கம், பிரியமாய்த்தான் விசாரிக்கிறார்கள். ஆனால் இந்தச் சகோதரிக்கு அதற்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. வயதான அம்மாமார் சிலருக்கு வேறொரு பயம். அந்தக் காலத்தில் சில வீடுகளில் தாலி இழந்தவளுக்குத் தலையை மழித்தார்கள் அல்லவா, அந்த ஞாபகம். புருஷன் கல்லுப்போல இருக்கும்போது இது என்ன கோலம் என்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலோ கூந்தலில் சூடின மாலையின் கதை ஊரோடேயே சேர்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் முடியில்லாமல் பஸ் ஏறுகிற வேதனை எங்களைப் போன்ற ஆண்களுக்குப் புரியாது. எனக்கே வழுக்கை விழுந்து பத்து வருஷமாகிறது, ஒருவரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை!

வெளியார் கேட்டதை விடுங்கள். நம்மவர்கள் பேசினதுதான் எனக்குத் துக்கம். "சிம்சோனுக்கு முடி போன அன்னைக்கே பெலன் போச்சு. இவங்க வாழ்க்கையில எங்கயோ ஒரு ஓட்டை இருக்கு" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இன்னொருவர் ஏசாயா 3:24ஐ எடுத்துக் காட்டியிருக்கிறார். சீயோன் குமாரத்திகளின் அலங்கார முடிக்குப் பதிலாக மொட்டை வரும் என்கிற நியாயத்தீர்ப்பு அது.

வேதத்தை எடுத்தால் முழுவதும் எடுக்க வேண்டும். சிம்சோன் தாயின் கர்ப்பத்திலிருந்தே நசரேயன். சவரகன் கத்தி தலையில் படக்கூடாது என்பது அவனுக்கென்று வைக்கப்பட்ட விரதம். நம்முடைய சகோதரி எந்த நசரேய விரதத்தை மீறினார்கள்? ஏசாயா கண்டித்தது, ஏழைகளை நெருக்கின வீடுகளில் கழுத்தை நீட்டி நடந்த பெருமைக்காரிகளை. மில்லில் ஷிப்டுக்குப் போய்வந்து, ரேஷன் அரிசியில் மூன்று பிள்ளைகளை வளர்த்த சகோதரியை அல்ல. பவுல் 1 கொரிந்தியர் 11ல் முடி பெண்ணுக்கு மகிமை என்று எழுதினது உண்மைதான். தானாகக் கத்தரித்துக் கொள்ளுகிறவர்களைப் பற்றித்தான் அங்கே பேச்சு. வியாதியில் இழந்தவளைக் குறித்து அதில் ஒரு எழுத்தும் இல்லை.

சிம்சோனின் கதையிலும் 16:22ஐ யாரும் படிப்பதில்லை. கண்ணைப் பிடுங்கி, காசாவின் சிறைச்சாலையில் மாவரைக்க விட்டிருந்தார்கள். அங்கேதான், சிறைக்குள்ளேயே, சிரைக்கப்பட்ட தலையில் முடி திரும்ப முளைக்கத் தொடங்கிற்று என்று எழுதியிருக்கிறது.

சரி, முடி ஏன் கொட்டுகிறது? டாக்டர்கள் சொல்லுவதை நம்முடைய பேச்சில் சொல்லுகிறேன். கீமோ மருந்துக்கு நல்ல செல், கெட்ட செல் என்று முகம் பார்க்கத் தெரியாது. எது வேகமாகப் பெருகுகிறதோ அதை அடிக்கும். புற்றுநோய் செல் வேகமாகப் பெருகும். முடியின் வேரில் இருக்கிற செல்லும் அப்படியே. தலைமுடியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு எந்த நேரமும் வளருகிற பருவத்தில் இருப்பதால், மருந்து போனதும் மொத்தமாக விழுகிறது. பெரும்பாலும் முதல் ஊசிக்கு இரண்டு, மூன்று வாரத்தில் ஆரம்பிக்கும். மார்பகப் புற்றுநோய்க்கு அதிகமாகக் கொடுக்கிற அட்ரியாமைசின் (சிவப்பாக ஏறுமே, அதுதான்), பாக்ளிடாக்சல் போன்ற மருந்துகளில் முடி போவது சாதாரணம். புருவமும் இமையும்கூட போகலாம். வேறு சில மருந்துகளில் அவ்வளவு போகாது. மார்புக்குக் கொடுக்கிற ரேடியேஷனால் தலைமுடி கொட்டாது. ஆகவே ஒருத்திக்குக் கொட்டினது, இன்னொருத்திக்குக் கொட்டவில்லை என்றால், அது மருந்தின் வித்தியாசம். விசுவாசத்தின் அளவு அல்ல!

மறுபடியும் வருமா? வரும். கடைசி ஊசி முடிந்து சில வாரங்களில் பூனைமயிர் மாதிரி மெல்லிசாக எட்டிப் பார்க்கும். இரண்டு மூன்று மாதத்தில் தலை மூடும். அதற்குமேல் மாதம் ஒரு சென்டிமீட்டர், கொஞ்சம் கூடக்குறைய. ஒரு வருஷத்தில் பின்னல் போடுகிற அளவுக்கு எதிர்பார்க்கக் கூடாது. நேராக இருந்த முடி சுருட்டையாக வரலாம், கறுப்பு போய் நரையாக வரலாம். பிறகு மெல்ல மெல்லப் பலருக்குப் பழையபடி மாறும். சிலருக்கு மாத்திரம், முக்கியமாக டோசிடாக்சல் என்கிற மருந்துக்குப் பிறகு, முன்போல அடர்த்தி வராமல் போவதும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "முடி மயிலிறகு மாதிரி வரும்" என்று மேடையில் வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. வெங்காயச் சாறு, காய்ச்சின எண்ணெய் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்லாதிருங்கள். அந்த நேரத்தில் தலைத்தோல் பச்சைப் பிள்ளையின் தோல் மாதிரி எரியும்.

"ஜெபம் போதும், ஊசி வேண்டாம்" என்பதற்கு வருகிறேன். சில கன்வென்ஷன் மேடைகளில் மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்லுகிறார்கள். கர்த்தர் சுகமாக்குகிறவர் என்பதை நான் எந்த மேடையிலும் சொல்லுவேன். ஆனால் எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுத்த அதே கர்த்தருடைய தீர்க்கதரிசி, அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைத்துக் கட்டச் சொன்னார் (ஏசாயா 38). பவுலோடு கூட நடந்த லூக்கா வைத்தியன். பக்கத்துச் சத்திரப்பட்டியைப் பாருங்கள். அங்கே நெய்கிற பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் எத்தனையோ ஊர் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. நம்முடைய விசுவாசிகளில் எத்தனை குடும்பம் அந்தத் தறியில் சாப்பிடுகிறது! ஆஸ்பத்திரி அவிசுவாசம் என்று ஒருவராவது தறியை நிறுத்தினீர்களா? இல்லை. நல்லது, நிறுத்தவும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாமல் உடம்பில் எங்கேயாவது தங்கியிருக்கிற நோய்ச் செல்லை ஒழிக்கத்தான் இத்தனை தடவை என்று டாக்டர் கணக்குப் போட்டுக் கொடுக்கிறார். முடிக்காகப் பாதியில் நிறுத்தினால், முடி வரும், ஆனால் நோயும் கூட வரக்கூடும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கீமோவுக்கும் இடமிருக்கிறது, அட்டை இல்லாதவர்கள் என்னிடம் வாருங்கள்.

நான் சினிமா பார்க்கிறவனல்ல, பார்க்கச் சொல்லுகிறவனுமல்ல. ஆனாலும் 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னால் ராஜபாளையத்தில் தெருத்தெருவாக ஒரு அம்மா வந்தார்களே, நடிகை கௌதமி, ஞாபகம் இருக்கிறதா? அப்போது அவர்களை ஒரு கட்சி தொகுதிப் பொறுப்பாளராகப் போட்டிருந்தது. சீட்டு கூட்டணிக் கட்சிக்குப் போயிற்று, அந்த அரசியல் நமக்கு வேண்டாம். அவர்களுக்கு முப்பத்தைந்தாம் வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. கட்டியைத் தானே கண்டுபிடித்ததை அவர்களே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். சிகிச்சையை முடித்து, இந்த நோய் கண்டவர்களுக்காக லைஃப் அகெய்ன் என்ற அமைப்பையும் தொடங்கினார்கள். நம்முடைய தெருவில் கும்பிட்டுக்கொண்டு போனது, பதினைந்து வருஷத்துக்கும் மேல் கழித்து. கட்டி தெரிந்தால் வெட்கப்பட்டு முந்தானைக்குள் மறைக்கிற சகோதரிகள் இதைக் கவனியுங்கள். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பகத்தைப் பரிசோதிக்கிறார்கள், காசு கிடையாது.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் திருச்சூர் மாவட்டத்தில், அபர்ணா லவகுமார் என்கிற பெண் போலீஸ், 2019ல் தன் நீளமான கூந்தலை முழுவதும் மழித்து, புற்றுநோயாளிகளுக்கு விக் செய்யக் கொடுத்தார்கள். நம்முடைய சகோதரிகள் மொட்டை போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, நாளைக்கே என்னிடம் சண்டைக்கு வராதிருங்கள். விக் வைப்பது அலங்காரமா, பாவமா என்றும் ஒருவர் கேட்டார். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போக அது அவர்களுக்குத் தைரியம் கொடுத்தால் வைத்துக்கொள்ளட்டும். வேண்டாம் என்றால் விடட்டும். அதில் சபை தலையிடக் கூடாது.

மத்தேயு 10:30ல், நம்முடைய தலைமுடி அத்தனைக்கும் பரலோகத்தில் கணக்கு இருக்கிறது என்று ஆண்டவர் சீஷர்களிடம் சொன்னார். அவர்கள் அடிபடப் போகிற நேரத்தில், பயப்படாதிருக்கும்படி சொன்ன வார்த்தை அது. ஒரு தலையில் சுமார் ஒரு லட்சம் முடி உண்டாம். நல்ல சுகமாய் இருக்கிறவர்களுக்கே தினம் ஐம்பதிலிருந்து நூறு வரைக்கும் உதிருமாம். அப்படியானால் ஆண்டவர் ஒரு தடவை எண்ணி மூடி வைத்த கணக்கல்ல அது, தினமும் திருத்துகிற கணக்கு. தலையணையில் கிடந்ததும், சீப்பில் வந்ததும், குளிக்கிற தண்ணீரோடு போனதும் அந்தக் கணக்கில் இருக்கிறது. இதை அந்த வீட்டில் வாசித்தபோது சகோதரி ஒன்றும் பேசவில்லை. அவர்களுடைய மதினிதான், "அப்ப செவ்வாய்க்கிழமை நான் கூட வாரேன், கெளம்பு" என்றார்கள். போனார்கள். மூன்றாவது ஊசி ஏறிவிட்டது. ஸ்தோத்திரம்!

வருகிற ஞாயிறு ஆராதனைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். சபைக்கு என் வேண்டுகோள். நம்முடைய சகோதரிகள் எல்லோரும் முக்காடு போட்டுத்தான் உட்காருகிறார்கள், அவர்கள் நடுவில் இவர்கள் தனியாகத் தெரியப் போவதில்லை. ஆனால் முடியில்லாத தலையில் சேலை நிற்காது, கையை உயர்த்தித் துதிக்கும்போது வழுக்கி விழும். அதனால் உள்ளே ஒரு பருத்தித் துணியை இறுக்கமில்லாமல் கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம், மெல்லிசான துணி தறிக்காரச் சகோதரர் ஒருவர் கொடுத்தார். ஒருவேளை நழுவினால், பக்கத்தில் இருக்கிறவர்கள் எடுத்துப் போட்டுவிட்டுப் பாட்டைத் தொடருங்கள். "எப்படி இருந்த முடி!" என்று யாரும் ஆரம்பிக்காதிருங்கள். தலையில் கைவைத்து ஜெபிக்க வேண்டாம், தோளில் வைத்தால் போதும், அதுவும் கேட்டுவிட்டு. எண்ணெய் பூசுவது நெற்றியில் ஒரு சொட்டு. சளி, காய்ச்சல் உள்ளவர்கள் அன்றைக்குப் பின் வரிசையில் இருங்கள். ஊசி போட்ட உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைவு, அவர்களுக்குக் காய்ச்சல் கண்டால் ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆட்டோ வைத்திருக்கிற இரண்டு தம்பிமார் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

ஜெபிப்போமா? அன்பின் பரலோக பிதாவே, நான்காம் ஊசிக்காக உம்முடைய மகள் செவ்வாய்க்கிழமை விடியற்காலை பஸ் ஏறுகிறாள். கிருஷ்ணன்கோவில், கல்லுப்பட்டி, திருமங்கலம் தாண்டி மதுரை சேருமட்டும் கூட இருந்தருளும். ஊசி போடுகிற நர்ஸின் கையையும், மருந்தை அளக்கிற டாக்டரின் கண்ணையும் காத்தருளும். வாந்தி அதிகமில்லாமல், ஜன்னல் காற்றில் தலைத்துணி பறக்காமல், மதினியோடு சாயங்காலம் வீடு வந்து சேரப்பண்ணும். இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும், நல்ல பிதாவே. ஆமென்.