தேரைப் பேணுவது பற்றாகுமா?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், சித்தூர் வட்டத்தில் உள்ளது எருத்தேன்பதி. அருகிலுள்ள கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி ஊர்களைப் போலவே இங்கும் தமிழ் வழங்குகிறது. கேரளத்தின் பிற பகுதிகளை வளப்படுத்தும் மழை இங்கே குறைவு. வறண்ட மண்ணில் நிலக்கடலையும் தென்னையும் வளர்த்து வாழும் உழைப்பாளிகளின் பூமி இது.

இத்தகைய ஊரில் வாழ்ந்த ஒரு தாயை மனக்கண் முன் நிறுத்திப் பார்ப்போம். அறுபத்தைந்து வயதுவரை காட்டில் கடலை பறித்தவர். புல்லுக்கட்டைத் தலையில் சுமந்தவர். மகனுக்குக் கோவையில் வேலை கிடைக்கிறது. அவன் தாயை அழைத்துச் சென்று, "இத்தனை நாள் பாடுபட்டது போதும்மா, இனி நீங்க உட்கார்ந்து சாப்பிடுங்க" என்கிறான். தண்ணீர்க் குடத்தை மருமகள் வாங்கிக்கொள்கிறாள். பூஜைக்குப் பூப் பறிக்கும் வேலையைப் பேத்தி ஏற்கிறாள். இரண்டே ஆண்டுகளில், பூஜை முடிந்து தரையிலிருந்து எழ அந்தத் தாய்க்கு இன்னொருவர் கை தேவைப்படுகிறது.

குறை எவருடையது? அந்த வீட்டில் அன்புக்குப் பஞ்சமில்லை. அப்படியானால், அந்த அன்பே அவரது கால்களின் வலிமையைக் கவர்ந்துவிட்டதா?

முதுமையில் தசையும் அதன் வலிமையும் குறைவதற்கு, 1989 இல் இர்வின் ரோசன்பெர்க் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 'சார்கோபீனியா' என்று பெயரிட்டார். 'தசைக் குறைவு' என்பதே அந்தக் கிரேக்கச் சொற்சேர்க்கையின் பொருள். முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது. அறுபதுக்குப் பிறகு வேகம் கூடுகிறது. இது இயற்கை. ஆனால் அசையாதிருத்தல் இயற்கையையும் முந்திக்கொள்கிறது. ஆரோக்கியமான முதியவர்கள் 10 நாட்கள் படுக்கையிலேயே இருந்தபோது, கால்களில் மட்டும் சுமார் 1 கிலோ தசை குறைந்ததை 2007 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இங்கே ஆன்மிக நாட்டமுள்ளவர் ஒரு கேள்வி எழுப்பக்கூடும்: "உடல் அழியக்கூடியது. அதன் தசையைப் பற்றிக் கவலைப்படுவது தேகப்பற்று அல்லவா?"

கேள்வி நியாயமானதே. உடலைத் தேருக்கும் ஆன்மாவை அதில் அமர்ந்திருப்பவனுக்கும் ஒப்பிடுவது கடோபநிஷத்தின் புகழ்பெற்ற உவமை. தேரையே தான் என்று எண்ணுபவன் மயங்குகிறான். ஆனால், தேர் தான் அல்ல என்பதற்காக அதன் அச்சு முறியும்வரை வாளாவிருப்பவனை ஞானி என்போமா? அவன் பயணத்தை மறந்தவன். பற்றுக்கும் பேணுதலுக்கும் உள்ள வேறுபாடு நோக்கத்தில் இருக்கிறது. இளமையாகத் தோன்றவேண்டும் என்று உடலை வளர்ப்பது ஒன்று. இறுதிவரை கோயில் படியேறவும், பிறர்க்கு ஒரு குவளை நீர் எடுத்துத் தரவும் உடலைக் காப்பது வேறொன்று. 1930 இல், 60 வயதில், காந்தியடிகள் சபர்மதியிலிருந்து தண்டிக்கு 24 நாட்களில் ஏறத்தாழ 385 கிலோமீட்டர் நடந்தார். உடல் அவருக்குச் சேவையின் கருவி. அதனால்தான் அதை ஒழுங்கோடு பேணினார்.

'வயதாகிவிட்டது, இனி என்ன பயன்?' என்பதும் சரியன்று. 1990 இல் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில், தொண்ணூறு வயதையொட்டிய, தளர்ந்த முதியவர்களுக்கு 8 வாரங்கள் எடை தூக்கும் பயிற்சி தரப்பட்டது. பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. தொண்ணூறு வயதிலும் தசை அழைப்புக்குச் செவிசாய்க்கிறது, அழைப்பவர்தாம் இல்லை.

எனினும், இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, உழைப்பு மட்டும் போதாது. உணவின்றி உழைக்கும் உடல் தன் தசையையே கரைக்கிறது. முதியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பது வல்லுநர் கருத்து. (சிறுநீரக நோயுள்ளவர் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.) இரவில் கஞ்சியும் ஊறுகாயும் போதும் என்று ஒதுங்கும் தாய்க்கு அது கிடைப்பதில்லை. 100 கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் உண்டு. ஊருக்கெல்லாம் கடலை விளைவித்தவர் தட்டில் ஒரு பிடி கடலையும், பருப்பும், பாலும் இருக்கின்றனவா என்று பார்ப்பது பிள்ளைகளின் கடமை.

இரண்டாவது, வலிமையைப் புண்ணியமாகவும் தளர்ச்சியைப் பாவமாகவும் கருதிவிடக் கூடாது. எவ்வளவு பேணினாலும் ஒருநாள் தேர் நிற்கும். படுக்கையில் கிடப்பவரின் மதிப்பு அணுவளவும் குறைந்ததன்று. அவரை நோக்கி, 'நீங்கள் நடந்திருக்கலாமே' என்று சொல்வதைவிடக் கொடுமை வேறில்லை.

அப்படியானால் மகனின் கடமை என்ன? வேலையை முழுதும் பறிப்பதும் அன்பன்று. முழுதும் சுமத்துவதும் அன்பன்று. குடத்தைச் சிறிதாக்கித் தரலாம். மாலையில் உடன் நடக்கலாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமரும் பழக்கத்தை, அருகிலிருந்து, நாள்தோறும் செய்விக்கலாம். ஐந்து முறை எழ 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் மருத்துவரிடம் காட்டலாம்.

கையைப் பிடித்துத் தூக்கிவிடுவது எளிது. ஒரு நொடியில் முடிந்துவிடும். தாய் தானாக எழும்வரை, விழாமல் காக்க ஒரு கையை நீட்டியபடி, பொறுமையோடு அருகில் நிற்பது அரிது. நம் அவசரத்தை அவருடைய ஓய்வு என்று பெயர் சூட்டி எத்தனை முறை வழங்கியிருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போமாக. அந்தச் சில நொடிகள் காத்திருப்பதும் வழிபாடே.