முதுமையும் வினவுதலும்

வயது முதிர்ந்தால் ஞானம் தானே வந்தெய்தும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். முதுமை உடலுக்கு உரியது; அறிவோ உயிரின் குணம். அதனை மறைத்து நிற்பது ஞானாவரணீய வினை. ஆண்டுகள் பல கழிந்தமையால் மட்டும் அம்மறைப்பு நீங்கிவிடாது.

பிள்ளைகளின் திருமணம் முடியட்டும், பணி ஓய்வு வரட்டும் என்று நூல் பயிலுதலை நாம் தள்ளி வைத்தோம். ஓய்வு வந்தபோது கண்ணொளி மங்கிற்று. ஆயினும் வழி அடைபடவில்லை. உமாசுவாமி தம் தத்துவார்த்த சூத்திரத்தில் சுவாத்தியாயத்தை அகத்தவங்களுள் ஒன்றாக வைத்து, வாசித்தல், வினவுதல், சிந்தித்தல், பிழையற ஓதுதல், அறமுரைத்தல் என ஐந்தாக வகுத்தார். முதியோராகிய நாம் ஐந்தாவதை விரும்பி மேற்கொள்கிறோம், இரண்டாவதைக் கைவிட்டோம். இளையோரிடம் ஐயம் கேட்பது நரைக்கு இழுக்கு என்னும் எண்ணமே காரணம். நான்கு கஷாயங்களுள் மானமும் ஒன்றன்றோ?

இன்று மாலையே பேரப்பிள்ளையை அருகழைத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்வோம். விளங்காத இடத்தில், "எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம்" என்போம். பிள்ளைக்கு நூற்பழக்கம் உண்டாகும். நமக்கோ மானம் சிறிது தேயும். அவ்வாறு தேய்வதே முதுமையில் நாம் பெறும் பேறு.