நோயுற்றாருக்குத் தொண்டு



சித்திரைச் சதயம் அப்பர் சுவாமிகளின் குருபூசை நாள். அன்று அப்பரைப் பற்றியே எல்லோரும் பேசுவோம். இம்முறை அவருடைய தமக்கையார் திலகவதியாரைச் சிறிது சிந்திப்போம்.

பெற்றோர் மறைந்து, மணம் பேசியிருந்த கலிப்பகையாரும் போரில் மாண்டபின், தம்பிக்காகவே உயிர் தாங்கியவர் அம்மையார். அந்தத் தம்பியோ அவரை விட்டு வேறு சமயம் புகுந்தார். பின்னர் சூலைநோய் குடலை முறுக்க, இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து தமக்கையின் காலில் விழுந்தார். "இப்போதுதான் அக்காவின் நினைவு வந்ததோ?" என்று நாங்களாயிருந்தால் கேட்டிருப்போம். அம்மையார் அப்படிக் கேட்டதாகச் சேக்கிழார் பாடவில்லை. ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்தார். விடியமுன் தாம் கோயிற்றொண்டுக்குப் போகும்போது தம்பியையும் கூட்டிச் சென்றார்.

திருக்குறளில் 'மருந்து' என்பது 95ஆம் அதிகாரம். அதன் கடைசிக் குறள் வைத்தியத்துக்கு வேண்டிய நால்வகையைச் சொல்கிறது. வைத்தியர், மருந்து, அருகிருந்து பார்ப்பவர் என்பனவெல்லாம் பிறகு, நோயுற்றவரே முதலில். நான் கணக்காளன், வரிசையைக் கவனிப்பது என் தொழில்!

இந்நாட்டுத் தாதியருக்கு 2015இல் வெளியான ஒழுக்கக்கோவையின் முதற்பகுதியும் மனிதருக்கு முதலிடம் கொடுக்கும்படியே சொல்கிறது. அதற்கு முன்பே, பிராட்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொம் கிற்வூட் 1997இல் மறதிநோய் பற்றி ஒரு நூல் எழுதினார். நினைவு தேய்ந்தாலும் ஆள் ஆளாகவே இருக்கிறார், சுற்றியிருப்போர் நடத்தும் விதத்திலேதான் அது நிலைக்கவோ குலையவோ செய்கிறது என்பது அவர் கருத்து.

இதையெல்லாம் நான் படித்தது எனது தாயார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான். அவவுக்கு மறதிநோய். பிற்பாடு படித்த ஆங்கிலம் முதலிலே போய்விட்டது. காலைச் சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறா, கழுவ வந்தால் கையைத் தட்டிவிடுகிறா என்று ஆஸ்பத்திரியில் குறித்து வைத்தார்கள். நானும் மாலையில் போய், "அம்மா, அவை சொல்லுறதைக் கேளுங்கோ" என்று சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வாட்டில் ஒரு பிலிப்பைன்ஸ் தாதி, என்னிடம் ஒரு படிவத்தைத் தந்தா. அல்சைமர் சங்கம் 2010இல் வெளியிட்ட 'இது நான்' என்ற சிறு ஏடு. எப்படி அழைத்தால் பிடிக்கும்? எது மனதைக் குழப்பும்? காலையில் முதலில் என்ன செய்வீர்கள்? அகதி விண்ணப்பத்திலிருந்து வருமான வரி வரை எத்தனையோ படிவம் நிரப்பியவன் நான். முதற் கேள்வியிலேயே பேனா நின்றுவிட்டது. எனக்கு அவ அம்மா. ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் ஒருவரும் உயிரோடு இல்லை. கனடாவிலுள்ள அக்காவைக் கேட்டேன். "ஊர் முழுக்க ரீச்சர் எண்டுதானேடா கூப்பிட்டது" என்றா.

காலை வழக்கமும் அக்கா சொல்லித்தான் முழுதாய் எழுதினேன். முகம் கழுவித் திருநீறு பூசாமல் அம்மா தேத்தண்ணியும் குடியா. வாட்டிலோ முதலில் சாப்பாடு, பிறகுதான் கழுவல். அதுவும் ஆண் உதவியாளர் வந்தால் சேலைத் தலைப்பைத் தேடுவதுபோலக் கையை வீசுவா. அதைத்தான் அடிக்கிறா என்று எழுதியிருக்கிறார்கள்.

மறுநாள் முதல் அந்தத் தாதி ஒரு ஈரத் துவாயும் நான் கொடுத்த திருநீற்றுச் சிமிழும் கொண்டு முதலில் போனா. "ரீச்சர்" என்று கூப்பிட்டதும் அம்மா திரும்பிப் பார்த்தா. எல்லா நாளும் சாப்பிட்டா என்று சொல்லமாட்டேன். சில நாள் பாதிதான். கையைத் தட்டிவிடுவது மட்டும் அனேகமாக நின்றது.

எங்களில் பலரின் பெற்றோர் இன்று பராமரிப்பு இல்லங்களில் இருக்கிறார்கள். அந்தப் படிவத்தின் பிரதிகள் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்தபின் என்னிடம் கிடைக்கும். தமிழில் எழுதித் தந்தால் ஆங்கிலத்தில் மாற்றித் தருவேன். அவர்களுக்கு இன்னும் பேச முடியுமானால், முதலில் அவர்களிடமே கேட்டு எழுதுங்கள்.